தவறு மாறுகிறதா என்று பாருங்கள்

கேள்வி:

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 6. ஒன்றரை வருடமாக இருவரும் பள்ளிக்குப் போவதில்லை, வீட்டில்தான் படிக்கிறார்கள். ஆரம்பத்தில் கால அட்டவணை போட்டுப் பாடம் நடத்தினேன். தினமும் சண்டை. அப்புறம் அதைக் கைவிட்டு, அவர்களுக்கு எதில் ஆர்வமோ அதைச் செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். வீடு அமைதியானது. மகன் நாள் முழுக்க அட்டையில் பாலம் கட்டுகிறான். மகள் எறும்புகளின் பின்னால் அலைகிறாள். ஏதேதோ எழுதுகிறாள், பாதி எழுத்து தப்பு. போன மாதம் மாமியார் வந்திருந்தார். "இவன் என்னதான் கத்துக்கிட்டான், சொல்லு" என்றார். ஒரு வாக்கியம்கூட என் வாயில் வரவில்லை. நாத்தனார் மகனுக்கும் இதே வயது, 13-ஆம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்கிறானாம். அன்று இரவே ஒரு கணக்குத் தாள் எழுதி, மறுநாள் காலை மகனிடம் கொடுத்தேன். பத்துக்கு நான்கு. அழுதுவிட்டான். அன்றிலிருந்து என்ன செய்கிறாய் என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறான். இவர்கள் முன்னேறுகிறார்களா, அப்படியே நிற்கிறார்களா? அதை நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் கணக்குத் தாளைக் கிழித்துப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். சரியாகப் போட்ட நான்கு கணக்குகள் இருக்கட்டும். தவறிப்போன ஆறைப் பாருங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கழித்தல். 43-இல் 17 போனால் 26. ஒரு பிள்ளை இதற்கு 34 என்று எழுதுகிறான். இன்னொருவன் 36 என்கிறான். மூன்றாமவன் 25 என்கிறான். திருத்துகிறவர் மூன்றுக்கும் ஒரே மாதிரி தப்பு போடுவார். ஆனால் 34 என்று எழுதியவன் என்ன செய்திருக்கிறான்? மூன்றில் ஏழு போகாது, அதனால் ஏழில் மூன்றைக் கழித்துவிட்டான். பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த விதி. 43 என்பது அவன் கண்ணுக்கு இன்னும் ஓர் எண்ணாகத் தெரியவில்லை, அருகருகே நிற்கும் இரண்டு இலக்கங்களாகத்தான் தெரிகிறது. 36 என்று எழுதியவனுக்குப் பக்கத்து இடத்திலிருந்து பத்தைக் கடன் வாங்கத் தெரிந்திருக்கிறது. வாங்கிய இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்துவிட்டான். 25 என்று எழுதியவனுக்கு முறை முழுக்கத் தெரியும், எண்ணும்போது ஒன்று நழுவியது, அவ்வளவுதான். முதல் பிள்ளைக்கும் மூன்றாம் பிள்ளைக்கும் நடுவில் எத்தனையோ மாதக் கற்றல் இருக்கிறது. மதிப்பெண்ணில் இருவருக்கும் சைபர்.

1978-இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிள்ளைகளின் கழித்தல் கணக்குத் தவறுகளை இப்படித்தான் வகை பிரித்துப் பார்த்தார்கள். கவனக்குறைவு என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுகிற தவறுகளில் பலவற்றுக்குப் பின்னால், அந்தப் பிள்ளை விடாமல் பின்பற்றுகிற ஒரு விதி இருந்தது. விதி தப்பு. அதைப் பின்பற்றியதில் தப்பே இல்லை.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன். சரியான விடைகளின் எண்ணிக்கை கூடுவதற்கு வெகு முன்பே தவறுகளின் வகை மாறத் தொடங்கிவிடும். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு ஒவ்வொரு தவறையும் இப்படிப் பிரித்துப் பார்க்க நேரம் கிடையாது. மதிப்பெண் அவருக்கு ஒரு வசதி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்களுக்கு இரண்டே பேர். அந்த வசதி உங்களுக்குத் தேவையில்லை, அதைவிட நல்லது கையில் இருக்கிறது.

உங்கள் மகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். "பாதி எழுத்து தப்பு" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த எழுத்துகளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. எறும்புகளின் பின்னால் அலைகிறவள் எப்படியும் "எறும்பு" என்று எழுதியிருப்பாள். தொடக்கத்தில் பல பிள்ளைகள் அதை "எரம்ப" என்று எழுதும். மெய் தெரியும், அதோடு சேரும் உகரக் குறி இன்னும் கைக்கு வரவில்லை. சில மாதம் கழித்து "எரும்பு" ஆகும். இது தவறுதான், ஆனால் அருமையான தவறு. காதில் விழும் ஒவ்வொரு ஒலியும் தாளில் ஏறிவிட்டது. அன்றாடப் பேச்சில் பலருக்கு ரகரமும் றகரமும் ஒன்றாகத்தான் ஒலிக்கிறது. அப்படியிருக்க, எந்த ர என்பதை ஆறு வயதுக்காரி காதால் எப்படிக் கண்டுபிடிப்பாள்? கண்ணால்தான், அதாவது வாசித்து வாசித்துத்தான், கண்டுபிடிக்க முடியும். ஒருநாள் "எறும்பு" என்று சரியாக எழுதுவாள்.

அடுத்த வாரம் "மறம்" என்று எழுதுவாள். அதுவரை "மரம்" என்று சரியாக எழுதிக்கொண்டிருந்தவள்தான்! பெற்றோர் தலையில் கை வைத்துக்கொள்ளும் இடம் இது. தெரிந்ததையும் மறந்துவிட்டாளே என்பார்கள். எதையும் மறக்கவில்லை. இன்னொரு ற இருக்கிறது என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அதைக் கண்ட இடத்திலெல்லாம் போட்டுப் பார்க்கிறாள். முன்பு அவள் எழுதிய "மரம்" சரியாக இருந்ததற்குக் காரணம், அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ர என்பதுதான். ழகரம் கற்றுக்கொண்ட புதிதில் "பள்ளி"யில் ழ போடுவதும் இதே வகை. கற்றல் சில சமயம் மேலே இருந்து கீழே இறங்கி மறுபடி மேலே ஏறும் என்பது குழந்தை வளர்ச்சி ஆய்வாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். இறங்குகிற நேரத்தில் பரீட்சை வைத்தால் பிள்ளை பின்னால் போய்விட்டதாகத்தான் விடைத்தாள் சொல்லும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "மேகம்" எழுதும்போது இரட்டைக் கொம்பை மகரத்துக்குப் பின்னால் போடுகிறாளா? காதில் முதலில் விழுவது ம், பிறகுதான் ஏ. எழுத்திலோ கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. கேட்ட வரிசையில் எழுதுகிறவள் பின்னால்தான் போடுவாள். பெரியவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும், அவள் கணக்கில் நியாயம் அவள் பக்கம்தான். ஆங்கிலம் பேசும் சின்னப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்து எழுதும் சொற்களை சார்ல்ஸ் ரீட் என்ற மொழியியலாளர் ஆராய்ந்து 1971-இல் வெளியிட்டார். பெரியவர்களுக்குக் கிறுக்கலாகத் தெரிந்ததில் ஒலியை நுணுக்கமாகக் கேட்டதன் ஒழுங்கு இருந்தது என்று காட்டினார். ஆங்கில எழுத்தும் தமிழ் எழுத்தும் வேறு வேறுதான், ஆனால் பிள்ளைகள் காதை நம்பி எழுதுவது இரண்டிலும் ஒன்று.

திருத்த வேண்டாமா என்று கேட்பீர்கள். அவளாக எழுதிக்கொள்ளும் எறும்புக் குறிப்புகளில் சிவப்பு மை வேண்டாம். அவள் கேட்டால் சொல்லுங்கள். மற்றபடி நீங்கள் எழுதும்போது அவள் கண்ணில் படுகிற மாதிரி எழுதுங்கள், நிறைய வாசித்துக் காட்டுங்கள். எப்போதாவது ஒரு நாள், ஒரே ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்லிக்கொடுங்கள். "மரத்துக்கு இந்த ர, எறும்புக்கு அந்த ற" என்பது ஒரு வாரத்துக்குப் போதுமான பாடம்.

சரி, மகனுக்கு வருவோம். நாள் முழுக்க அட்டைப் பாலம். இதில் என்ன பார்ப்பது?

இங்கேயும் தவறைத்தான். பாலம் எப்படி விழுகிறது, விழுந்ததும் அவன் எதை மாற்றுகிறான் என்பதைப் பாருங்கள். ஆரம்பத்தில் எல்லாப் பிள்ளைகளும் இன்னும் கொஞ்சம் டேப் ஒட்டும். பலம் என்றால் டேப் என்பதுதான் அப்போதைய சித்தாந்தம். பிறகு தடித்த அட்டை தேடும். அதற்குப் பிறகு ஒருநாள், அதே மெல்லிய அட்டையை நீளவாக்கில் மடித்து இரண்டு பக்கமும் விளிம்பு எழுப்பும். அந்த இடத்தில் நின்று பாருங்கள். பொருளைக் கூட்டாமல் வடிவத்தை மாற்றியே உறுதியைக் கொண்டுவரலாம் என்று கை கண்டுபிடித்துவிட்டது. தூண்களுக்கு நடுவில் குறுக்குச் சட்டம் கொடுத்து முக்கோணங்களாக ஆக்குகிறானா? நாற்கோணச் சட்டத்தை ஒரு மூலையில் தள்ளினால் சாய்ந்துவிடும். முக்கோணம் சாயாது, பக்கங்களின் நீளம் மாறாதவரை அதன் வடிவமும் மாறாது. இதை வடிவியல் பாடமாகப் படித்தவர்கள் பலர் இருப்பார்கள், கையால் கண்டுபிடித்தவர்கள் குறைவு.

அப்புறம், அவன் எங்கே நிறுத்துகிறான் என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன் பாலம் விழுந்ததும் தூக்கி எறிந்துவிட்டுப் போனவன் இப்போது விழுந்த இடத்தில் குனிந்து எந்த மடிப்பு பிய்ந்தது என்று பார்க்கிறான் என்றால், அது சின்ன மாற்றம் இல்லை. கட்டும் முன்பே தாளில் வரைந்துகொள்கிறானா? "இது நாலு புத்தகம் தாங்கும்" என்று முன்கூட்டியே ஊகித்துச் சொல்கிறானா, அந்த ஊகம் வரவரக் கிட்டத்தில் வருகிறதா? அளவுகோலை எடுப்பது எப்போது? எடுக்கும்போது 0-இலிருந்து வைக்கிறானா, 1-இலிருந்து வைக்கிறானா? (1-இலிருந்து வைக்கிற பிள்ளை கோடுகளை எண்ணுகிறது, இடைவெளியை அளக்கவில்லை. அதுவும் ஒரு பருவம்.)

அவன் கேட்கும் கேள்விகளும் மாறும். "இது என்ன?" என்பதிலிருந்து "ஏன்?" என்பதற்கு வந்து, அங்கிருந்து "இதை இப்படி மாத்தினா என்ன ஆகும்?" என்பதற்குப் போகும். மூன்றாவது வகைக் கேள்வியில் பரிசோதனையும் சேர்ந்தே இருக்கிறது. ஒரு பிள்ளை அதைத் தானாகக் கேட்டால் நான் நோட்டில் தேதி போட்டு எழுதிவைக்கச் சொல்வேன்.

இதற்கெல்லாம் மேலே ஒரே ஓர் அளவுகோலைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்பதைச் சொல்வேன். 1934-இல் காலமான ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி, ஒரு பிள்ளை இன்று மற்றவர் துணையோடு செய்வதை நாளை தனியாகச் செய்யும் என்றார். தனியாக என்ன முடியும் என்று மட்டும் பார்த்தால் ஏற்கெனவே முடிந்துபோனதைத்தான் பார்க்கிறோம், வளர்ந்துகொண்டிருப்பது கண்ணில் படாது. நீங்கள் எழுதிக் கொடுத்த தாள் தனியாக முடிவதை மட்டும்தான் அளந்தது. தவறிய ஆறு கணக்குகளில் ஒரு சொல் சொன்னாலே முடிகிறவை எத்தனை, பக்கத்தில் உட்கார்ந்து கூடவே செய்தால் முடிகிறவை எத்தனை, இரண்டுக்கும் பிடிபடாதவை எத்தனை? இந்த மூன்றும் ஒன்றில்லை. "கூடவே செய்தேன்", "ஒரு வார்த்தை சொன்னேன்", "தானே செய்தான்" என்று மூன்று குறிப்பு போதும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எது எங்கே நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நோட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதை எப்படி எழுதுவது? நியூசிலாந்தில் 1996-இல் வந்த மழலையர் பாடத்திட்டத்தையொட்டி, கல்வியாளர் மார்கரெட் கார் ஒரு முறையை வளர்த்தெடுத்தார். தெரியும், தெரியாது என்று கட்டம் போட்டு டிக் அடிப்பதற்குப் பதிலாக, பிள்ளை ஏதோ ஒன்றில் மூழ்கியிருந்த நேரத்தைச் சின்னக் கதையாக எழுதுவது. என்ன நடந்தது, அதில் நான் என்ன காண்கிறேன், அடுத்து என்ன செய்யலாம். அவ்வளவே. பிள்ளைக்கே வாசித்துக் காட்டலாம். உங்கள் வீட்டுக் குறிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"மார்ச் 4. பாலம் நடுவில் தொங்கியது. 'அட்டை மெல்லிசா இருக்கு' என்றான். தடி அட்டை கேட்டான், இல்லை என்றேன். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். அப்புறம் அதே அட்டையை நீளமாக மடித்து ஓரத்தைத் தூக்கிவிட்டான். நான் எதுவும் சொல்லவில்லை. நாலு புத்தகம் தாங்கியது. ஐந்தாவதை வைக்கும் முன் 'விழும்' என்றான். விழுந்தது. சிரித்தான்."

இதில் "புத்திசாலி", "அபாரம்" எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவை உங்கள் மகிழ்ச்சியைத்தான் சொல்லும், அவன் செய்ததைச் சொல்லாது. "நாலு புத்தகம்", "விழும் என்றான்" என்பவைதான் அடுத்த வருடமும் பேசும். பிள்ளை சொன்னதை அது சொன்ன மாதிரியே எழுதுங்கள், உங்கள் நடைக்கு மாற்ற வேண்டாம். தினமும் எழுத வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொள்ளாதீர்கள், இரண்டே வாரத்தில் விட்டுவிடுவீர்கள். வாரத்துக்கு ஒன்று, ஒரு பிள்ளைக்கு அரைப் பக்கம்.

அதோடு ஒரு பெட்டி. எழுதியது, வரைந்தது, போட்ட கணக்கு எல்லாவற்றிலிருந்தும் மாதம் இரண்டு மூன்று தாளைத் தேதி போட்டு உள்ளே போடுங்கள். நல்லதை மட்டும் பொறுக்கிப் போடாதீர்கள், சொதப்பியதும் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருவரையும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பழைய பதிவோடு சேர்த்துக் கேட்கும்போது வேகத்தைப் பார்க்காதீர்கள். எழுத்துக் கூட்டிக்கூட்டி வாசித்த இடங்களில் இப்போது சொல் முழுதாக வருகிறதா? வாக்கியம் முடியும் இடத்தில் குரல் இறங்குகிறதா? தப்பாக வாசித்துவிட்டு, "இல்லையே" என்று தானே திரும்பி வருகிறாளா? கடைசியாகச் சொன்னது மிகப் பெரிய அடையாளம். பொருள் புரியாமல் வாசிக்கிற பிள்ளைக்குத் தான் தப்பாக வாசித்ததே தெரியாது. முன்பு வழுக்கிக்கொண்டு போனவள் இப்போது நின்று திருத்திக்கொண்டு வாசிக்கிறாள் என்றால், நேரம் கூடுதலாகக்கூட ஆகலாம். அது முன்னேற்றம்தான்.

ஒரு எச்சரிக்கை: எதைச் செய்தாலும் போனைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பிள்ளைகள் வெகு சீக்கிரம் கேமராவுக்காக வேலை செய்யத் தொடங்கிவிடும்.

இப்போது வாய்ப்பாடு. இதில் நான் உங்கள் மாமியார் பக்கம் கொஞ்சம் சாய்கிறவன். தளர்வாக விட்டால் எல்லாம் தானாக வந்துவிடும் என்பதை நான் நம்பவில்லை. பேச்சு தானாக வரும். வாசிப்பு சில பிள்ளைகளுக்கு ஏறக்குறையத் தானாக வரும், பலருக்குச் சொல்லித்தர வேண்டும். பெருக்கல் விடைகள் பழக்கத்தால் மட்டும்தான் விரல் நுனிக்கு வரும். 10 வரை வாய்ப்பாடு கைவசம் இல்லாத பிள்ளை பின்னங்களுக்குப் போகும்போது ஒவ்வொரு அடியிலும் நின்று நின்று போக வேண்டியிருக்கும். ஆகவே அதைச் சொல்லிக்கொடுங்கள், விளையாட்டாகவே சொல்லிக்கொடுங்கள், ஆனால் சொல்லிக்கொடுங்கள். 13-ஆம் வாய்ப்பாடு இல்லாமல் எந்தக் குடியும் முழுகிவிடாது.

அதிலும் முன்னேற்றத்தைத் தவறில், தயக்கத்தில் பாருங்கள். 7 × 8 கேட்டால் ஏழு ஏழாக விரல் விட்டு எண்ணுகிறானா? "அஞ்சேழு முப்பத்தஞ்சு, இன்னும் மூணு ஏழு" என்று சேர்க்கிறானா? "ஏழேழு நாப்பத்தொம்பது, இன்னொரு ஏழு" என்கிறானா? சட்டென்று 56 என்கிறானா? நாலும் நாலு படி. நடுவில் உள்ள இரண்டு படிகளில் நிற்கிற பிள்ளைக்குப் பெருக்கல் என்றால் என்ன என்று புரிந்திருக்கிறது. மனப்பாடமாக 56 சொல்கிற பிள்ளைக்கு அது புரிந்திருக்கலாம், புரியாமலும் இருக்கலாம். ஒரே பிள்ளை இன்று மேல்படியிலும் நாளை கீழ்ப்படியிலும் நிற்கும், அது இயல்பு. பிள்ளைகள் புது வழி தெரிந்ததும் பழையதை விட்டுவிடுவதில்லை, பல வழிகளை ஒரே காலத்தில் கலந்து பயன்படுத்துகின்றன என்று உளவியலாளர் ராபர்ட் சீக்லர் விரிவாகக் காட்டியிருக்கிறார். நேற்று சொன்னவன் இன்று விரல் விட்டால் பதற வேண்டாம்.

தாமதம் பற்றிய பயத்துக்கு ஒரு பழைய செய்தி. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரில், 1929-இல், எல். பி. பெனசெட் என்ற கல்வி அதிகாரி சில பள்ளிகளில் முறையான கணக்குப் பாடத்தை ஆறாம் வகுப்பு வரை தள்ளிப்போட்டார். அந்தப் பிள்ளைகள் அதுவரை வாசித்தார்கள், நிறையப் பேசினார்கள், அளந்தார்கள், நீளத்தையும் உயரத்தையும் ஊகித்தார்கள். ஆறாம் வகுப்பில் பாடம் தொடங்கியதும் அந்த ஒரே வருடத்தில் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிட்டதாக அவர் எழுதினார். இன்றைய ஆய்வு முறைகளின்படி இறுக்கமாகச் செய்த பரிசோதனை இல்லை அது, அதை வைத்துக் கணக்கே வேண்டாம் என்று வாதாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. தள்ளிப்போட்டது ஏட்டுக் கணக்கைத்தான். அளவும் ஊகமும் தினமும் நடந்துகொண்டுதான் இருந்தன. உங்கள் மகன் பாலத்தில் செய்வதும் அதுதான்.

தேக்கத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மாற்றமே தெரியாத வாரங்கள் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. என்னைக் கவலைப்பட வைப்பது வேறு: தவறு மாறாமல் அப்படியே நிற்பது. விட்டுவிட்டு இல்லாமல் ஒழுங்காக உதவி செய்தும் மூன்று நான்கு மாதம் அதே தவறு அதே உருவத்தில் வந்துகொண்டே இருந்தால், தளர்வு என்ற பெயரில் காத்திருக்காதீர்கள். மகளிடம் பார்க்க வேண்டியவை: ஒரே ஒலியில் முடியும் சொற்களை அவளால் அடையாளம் காண முடியவில்லையா, ஒரு சொல்லின் முதல் ஒலி எது என்று சொல்ல முடியவில்லையா, நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று முற்றிலும் புதிதாகத் தெரிகிறதா, அதுவும் மாதக்கணக்கில். மகனிடம்: வாசிக்கச் சொன்னால் ஒவ்வொரு முறையும் தட்டிக்கழிக்கிறானா, ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று இடத்தில் மூன்று விதமாக வாசிக்கிறானா, வாய்மொழியாகச் சொன்னால் புரிவது வாசித்தால் மட்டும் புரியாமல் போகிறதா. குடும்பத்தில் யாருக்காவது வாசிப்பதில் பெரும் சிரமம் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரமே பாருங்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். நடுக்காதில் நீர் கோத்திருப்பதால் சரியாகக் கேட்காமல் எழுத்தில் தடுமாறும் பிள்ளைகள் உண்டு, வீட்டில் யாருக்கும் அது தெரிந்திருக்காது. பிறகு கற்றல் குறைபாடுகளை மதிப்பிடும் நிபுணர். நன்றாக இருந்த பேச்சோ திறமையோ குறைந்துகொண்டே போனால் மாதக்கணக்கெல்லாம் வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் வாசிப்புப் பாடத்தை 5 வயதில் தொடங்கியவர்களையும் 7 வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டு, ஏறக்குறைய 11 வயதில் வாசிப்புத் திறனில் வித்தியாசம் இல்லாமல் போனதைக் கண்டார்கள். 2013-இல் வெளிவந்தது. வீட்டுக்கல்விக் குடும்பங்கள் ஆறுதலுக்கு அடிக்கடி எடுத்துச் சொல்லும் ஆய்வு இது. ஆறுதல் நியாயமானதுதான். ஆனால் 7 வயதில் தொடங்கியவர்களுக்கும் முறையாகச் சொல்லிக்கொடுக்கத்தான் செய்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

மாமியார் விஷயம். அவர் கேட்டது நியாயமான கேள்வி, பேரன்மேல் அக்கறை இல்லாதவர் கேட்கமாட்டார். தத்துவம் பேசிப் பதில் சொல்லாதீர்கள். அடுத்த முறை வரும்போது பெட்டியைத் திறந்து, ஆறு மாத இடைவெளியில் பேத்தி எழுதிய இரண்டு தாள்களை அருகருகே வையுங்கள். "அப்போ கொம்பைப் பின்னாடி போடுவா, இப்போ முன்னாடி போடுறா. ர மட்டும் இன்னும் குழப்பம்" என்று சொல்லுங்கள். எது வந்திருக்கிறது, எது வரவில்லை என்று இரண்டையும் சொல்கிற தாயை யாரும் எளிதில் மடக்க முடியாது. நாத்தனார் மகனைப் பற்றிய பேச்சை வளர்க்காதீர்கள். அவனுக்கு வாய்ப்பாடு தெரிந்திருப்பது நல்ல விஷயம், அதைச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள்.

மகன் பேச்சை நிறுத்திக்கொண்டதுதான் நீங்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது. அவன் பேசாவிட்டால் மேலே சொன்ன எதையும் நீங்கள் பார்க்க முடியாது. திடீரென்று வந்த தாள் அவனைச் சோதித்துவிட்டது, தான் செய்வதெல்லாம் அம்மாவுக்குப் பரீட்சைப் பொருள் என்று நினைத்துவிட்டான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுங்கள்: "எனக்குப் பயமா இருந்துச்சு, அதான் அந்தத் தாளைக் கொடுத்தேன். இனிமே சொல்லாம கொடுக்க மாட்டேன்." அவ்வளவு போதும், நீட்டி முழக்க வேண்டாம். "இன்னிக்கு என்ன கத்துக்கிட்டே?" என்ற கேள்வியைச் சில வாரம் மறந்துவிடுங்கள். பெரியவர்களுக்கே அதற்குப் பதில் வராது. அவன் கட்டும் இடத்தில் நீங்களும் ஓர் அட்டையை எடுத்து உட்கார்ந்து ஏதாவது கட்டுங்கள். உங்களுடையது விழும். ஏன் விழுந்தது என்று அவனிடம் கேளுங்கள். நடிக்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவான்.

எப்போதாவது தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் முன்கூட்டியே சொல்லுங்கள். எத்தனை கணக்கு என்பதை அவனே முடிவு செய்யட்டும். முடிந்ததும் அவனே திருத்தட்டும், கையில் கால்குலேட்டரைக் கொடுத்துவிடுங்கள். தவறிய ஒன்றை எடுத்து, "இந்த விடை எப்படி வந்துச்சு, சொல்லு" என்று கேளுங்கள். சரியான விடைகளுக்கும் அதே கேள்வியைக் கேட்கப் பழகுங்கள், இல்லாவிட்டால் அம்மா கேட்டாலே தப்பு என்று புரிந்துகொள்வான்.

வீட்டுக்கல்விக்கான சட்டம் இடத்துக்கு இடம் வேறு. ஜெர்மனியில் பொதுவாக அனுமதியே இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஆண்டுதோறும் பிள்ளையின் வேலைகளைக் கோப்பாகத் தொகுத்து ஒருவரிடம் மதிப்பீடு வாங்க வேண்டும். நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன விதி என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நாளை பள்ளியில் சேர்க்க நேர்ந்தால் சேர்க்கைத் தேர்வும் இருக்கலாம். இரண்டுக்குமே தேதி போட்ட அந்தப் பெட்டி கைகொடுக்கும். மாதா மாதம் எடுத்துவைத்தால் கடைசி நேரத்தில் உட்கார்ந்து ஜோடிக்க வேண்டியிருக்காது.

மகளின் எறும்புக் குறிப்புகளில் ஒரு பக்கத்தையும், மகனின் அந்தக் கணக்குத் தாளையும், அவன் சம்மதித்தால், அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள். ஆறு தவறுகளும் எந்த வகை என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம்.